பால் காணாது என்று சொல்வதற்கு முதல்

கொழும்பில் மகப்பேற்று விடுதி நடத்தும் தனியார் வைத்தியசாலைகளின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன மாதம் உங்களில் ஒருவர் என்னைக் கூப்பிட்டுப் பேசினீர்கள். எந்த இடம் என்று இங்கே எழுதப் போவதில்லை, ஏனென்றால் கிட்டத்தட்ட அதே பேச்சை அதற்கு முதலே இன்னும் இரண்டு இடங்களில் கேட்டுவிட்டேன். நல்ல குளிர் அறை, நல்ல தேத்தண்ணி, மேசையில் புதுப் பிரசவப் பக்கேஜின் அச்சுப்படி. அதில் ஸ்கேன் இத்தனை, குழந்தைக்கு ஒரு பை, வீட்டுக்குப் போகும் நாளில் ஒரு கேக், அதற்குக் கீழே "தாய்ப்பாலூட்டல் ஆலோசகரின் வருகை: 1". அந்த ஒன்று நான். காலை 9 மணியிலிருந்து 11 மணி வரை, பன்னிரண்டு தாய்மார், ஆளுக்குப் பத்து நிமிடம். முகப்புத்தகத்தில் போட என்னுடைய படம் ஒன்றும் வேண்டுமாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். யோசித்த பிறகு எழுதுவதுதான் இது. அந்த ஒருவருக்கு மட்டும் மின்னஞ்சல் போட்டிருக்கலாம், ஆனால் அடுத்த வருடம் நாலாவது இடத்தில் போய் இதையே திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, ஆகவே எல்லாரும் ஒரேயடியாக வாசித்துவிடுங்கள்.

எட்டு வருடத்துக்கு முதல் என் மகள் பிறந்ததும் உங்களுடையதைப் போன்ற ஓர் இடத்தில்தான். தொழிலால் நான் பிசியோதெரபிஸ்ட், முதுகு நொந்து வருகிறவர்களுக்கு எப்படி இருக்க வேண்டும், எப்படிக் குனிய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற ஆள். பிரசவ வலி பற்றி வாசித்திருந்தேன், சிசேரியன் பற்றி வாசித்திருந்தேன், பிள்ளையின் நித்திரை பற்றிக்கூட வாசித்திருந்தேன். பால் கொடுப்பது பற்றி ஒரு பக்கம் வாசிக்கவில்லை. அதில் படிக்க என்ன இருக்கிறது, பிள்ளை பிறந்தால் பால் வரும், அம்மாவும் அப்படித்தான் சொன்னார், அவருக்கும் அப்படித்தான் வந்தது.

சிசேரியன். முதல் இரவு "நீங்கள் நல்லா நித்திரை கொள்ளுங்கோ" என்று பிள்ளையை நேர்சரிக்குக் கொண்டு போனார்கள், நானும் கணவரும் அதைப் பெரிய உபசாரம் என்று நினைத்தோம், கட்டின காசுக்கு இதாவது கிடைக்கிறதே என்று. இரண்டாம் இரவுதான் வினை. பத்து மணியிலிருந்து பிள்ளை அழுதாள். வைத்தால் கொஞ்ச நேரம் சூப்புவாள், எடுத்தால் அழுவாள், திரும்ப வைத்தால் திரும்பச் சூப்புவாள். சாமம் இரண்டு மணிக்கு ஒரு நேர்ஸ் வந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முலைக்காம்பைப் பிடித்து நசித்துப் பார்த்தார், ஒரு துளி வந்தது. வாசலில் நின்ற மற்றவரைப் பார்த்து "கிரி மதி" என்றார். பிறகு எனக்காகத் தமிழில், "அம்மாவுக்குப் பால் காணாது". ஐந்து நிமிடத்தில் சூப்பிப் போத்தலில் 30 மில்லிலீற்றர் பால்மா வந்தது. பிள்ளை அதை மடமடவென்று குடித்துவிட்டு நாலு மணித்தியாலம் அசையாமல் நித்திரை கொண்டாள். நான் "தாங்க்யூ மிஸ்" என்றேன். இன்றைக்கும் கிடந்து உறுத்துவது அந்தத் தாங்க்யூதான்.

அந்த இரவில் என்ன நடந்தது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது, உங்களில் பலருக்கு இன்னும் விளங்கவில்லை என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பிறந்த முதல் நாளில் ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைக்குத் தேவைப்படுவது ஒரு தேக்கரண்டி அளவு, 5 முதல் 7 மில்லிலீற்றர். சீம்பால் அந்த அளவில்தான் வரும், மஞ்சளாக, தடிப்பாக, துளித் துளியாக. நசித்துப் பார்த்தால் ஒரு துளிதான் வரும், அது குறை இல்லை. நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகு தாயின் உடம்பில் புரோஜெஸ்டரோன் சரசரவென்று இறங்கும், அதற்குப் பிறகுதான் பால் பெருகத் தொடங்கும், அது இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள், சிசேரியன் என்றால், முதல் பிள்ளை என்றால், கொஞ்சம் பிந்தும். இரண்டாம் இரவு பிள்ளை விட்டு விட்டுத் திரும்பத் திரும்பச் சூப்புவது மார்பை எழுப்பத்தான். எவ்வளவு எடுக்கிறதோ அவ்வளவு சுரக்கும், எடுக்காவிட்டால் உடம்பு தேவையில்லை என்று எண்ணிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து 30 மில்லிலீற்றரை ஊற்றிப் பிள்ளையை நித்திரையாக்கினால், மார்பைக் கேட்க ஆளில்லை.

நிறைக் கணக்கு இன்னொன்று. மூன்றாம் நாள் மகளின் நிறை 9 சதவீதம் குறைந்துவிட்டது என்று பெரிய பதட்டம். குறைவதுதான் இயல்பு, 10 சதவீதத்துக்குக் கிட்டப் போனால் கட்டாயம் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சிசேரியனுக்காகத் தாய்க்கு ஏற்றுகிற சேலைனில் ஒரு பங்கு பிள்ளைக்கும் போகிறது, பிறந்தவுடன் தராசில் அந்தத் தண்ணீரும் சேர்ந்துதான் நிற்கிறது, முதல் நாள் மூத்திரத்தோடு அது போய்விட நிறை சட்டென்று இறங்கின மாதிரித் தெரிகிறது. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. "பால் காணாது" என்ற அதே வசனத்தை இன்னொரு தரம் சொன்னார்கள். வீட்டுக்கு வரும்போது பில்லில் ஒரு டின் பால்மாவும் இரண்டு போத்தலும் தனித்தனியாக விலை போடப்பட்டிருந்தன.

வீட்டில் நாலாம் நாள் மார்பு இரண்டும் கல்லாகிவிட்டன. காணாத பால் எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைக்குப் போத்தலின் வேகம் பழகிவிட்டது, மார்பில் வைத்தால் முதுகை வில்லாக வளைத்துக் கத்தினாள், பிடித்தாலும் காம்பின் நுனியை மட்டும் பிடித்தாள், வெடித்து இரத்தம் வந்தது. மாமி பால்சுறா வறுத்தார், உள்ளியை முழுசு முழுசாகப் போட்டுக் குழம்பு வைத்தார், முருங்கையிலை ஒருநாள்கூடத் தவறவில்லை. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து பத்தியத்தூள் திரித்து அனுப்பினார். அன்புக்குக் குறைவில்லை. பால்சுறாவில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, வெட்டுக்காயத்தோடு இருக்கிறவளுக்கு அது நல்ல சாப்பாடு, ருசியும்தான். ஆனால் எல்லாரும் என் சட்டியைப் பார்த்தார்கள், பிள்ளையின் வாயை ஒருவரும் பார்க்கவில்லை.

பார்த்தது ஒன்பதாம் நாள் வந்த மிட்வைஃப். அரசாங்க முறைப்படி வீடு வீடாக வருகிற அந்த மிட்வைஃப்தான், ஒரு சதம் வாங்காதவர். எங்கள் ப்ளாட்டில் அன்றைக்கு லிப்ட் வேலை செய்யவில்லை, நாலு மாடி ஏறி வந்தார், தண்ணி ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்துவிட்டு நிலத்தில் இருந்தார். "இப்ப குடுங்கோ, நான் பாக்கணும்" என்றார். அவருடைய தமிழும் என்னுடைய சிங்களமும் ஒரே தரம், இரண்டும் நடுவழியில் நின்றுவிடும். கையால் கதைத்தோம். பிள்ளை வாயை எடுத்தவுடன் காம்பைக் காட்டினார், புது லிப்ஸ்டிக் மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து நசிந்திருந்தது. அந்த வடிவம் ஒன்றே போதும், பிள்ளை ஆழமாகப் பிடிக்கவில்லை என்று சொல்ல. என்னை நிமிர்ந்து இருக்கச் சொன்னார். எனக்கு! ஊருக்கெல்லாம் முதுகு நிமிர்த்துகிறவள் ஒன்பது நாளாகக் கூனிக்கொண்டு மார்பைப் பிள்ளையிடம் கொண்டு போயிருக்கிறேன். பிள்ளையின் வயிறு என் வயிற்றோடு, மூக்கு காம்புக்கு நேரே, நாடி முதலில் மார்பில் பட வேண்டும், வாய் கொட்டாவி விடுகிற அளவுக்குத் திறக்கும் வரை பொறுக்க வேண்டும், திறந்தவுடன் தாமதிக்காமல் அணைக்க வேண்டும். நாலு தரம் பிழைத்தது. ஐந்தாம் தரம் வலிக்கவில்லை, பிள்ளை விழுங்குகிற சத்தம் கேட்டது. நாற்பது நிமிடம் இருந்தார்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். இல்லை. கையால் பிழிந்து சின்னக் கப்பில் கொடுத்து, பால்மாவை மெல்ல மெல்லக் குறைத்து, ஆறு கிழமை எடுத்தது, அதற்குப் பிறகும் இரவில் ஒரு போத்தல் மட்டும் எட்டு மாதம் வரை இருந்தது. அதைப் பற்றி எனக்கு வெட்கமும் இல்லை.

பிறகுதான் இதைப் படிக்க வேண்டும் என்று வந்தது. கோபத்தில் தொடங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். சர்வதேசத் தாய்ப்பாலூட்டல் ஆலோசகர் பட்டத்துக்கு உலகம் முழுக்க ஒரே பரீட்சை, 1985இல் தொடங்கிய ஒரு சர்வதேசச் சபை நடத்துகிறது, 175 கேள்விகள், பல கேள்விகளில் படம் இருக்கும், தமிழில் எழுத வழியில்லை. என்னைப் போல ஏற்கனவே சுகாதாரத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பாலூட்டல் பற்றி 95 மணித்தியாலப் படிப்பும் ஐந்து வருடத்துக்குள் 1000 மணித்தியாலம் தாய்மாரோடு வேலை செய்த அனுபவமும் வேண்டும். அந்த ஆயிரத்தில் பெரும்பகுதி ஒரு குழந்தை வைத்தியரின் கிளினிக்கில் பின்னேரங்களில் போனது, மிச்சம் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, தெஹிவளை என்று ஆட்டோவில் போனது. முதல் தரம் தவறினேன், இரண்டாம் தரம் சித்தியடைந்தேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நீங்கள் பக்கேஜில் போட விரும்புகிற பட்டம் இதுதான்.

சரி, உங்கள் பத்து நிமிடத்துக்கு வருகிறேன்.

காலை பத்து மணிக்குப் பிள்ளை நித்திரை. இரவு முழுக்க விழித்த பிள்ளை, விடியப் போத்தல் குடித்த பிள்ளை, பத்து மணிக்கு எழும்பாது. நான் என்ன பார்ப்பது? தாயும் குளிக்கப் போயிருப்பார், அல்லது பெரியம்மா, சித்தி, மச்சாள் என்று கட்டிலைச் சுற்றி ஆறு பேர் நிற்பார்கள், அவர்களுக்கு முன்னால் சட்டையை விலக்கச் சொல்ல என்னால் முடியாது. ஒரு தடவை பால் கொடுப்பதை முழுக்கப் பார்க்க இருபதிலிருந்து நாற்பது நிமிடம் வேண்டும். பத்து நிமிடத்தில் நான் செய்யக்கூடியது சிரித்துவிட்டு ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுப்பது. அந்தப் பிரசுரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் தமிழ்ப் பிரதியைப் பெருமையாகக் காட்டினார்கள், அதில் "குழந்தையின் தாழ்ப்பாளைச் சரிபார்க்கவும்" என்று இருந்தது. கதவு பூட்டுகிற தாழ்ப்பாள். பிள்ளை வாயால் மார்பைப் பிடிப்பதற்குச் சொல்கிற "latch" என்ற ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடி முதலாவது அர்த்தத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அன்று இரவு ஒரு தமிழ்த் தாய் அதை வாசித்துவிட்டுப் பிள்ளையை எங்கே பிடித்துச் சரிபார்த்திருப்பார் என்று நினைத்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை.

நான் உங்களிடம் வராததற்குக் காரணம் காசு என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல காசுதான் சொன்னீர்கள். இரவு இரண்டு மணிக்கு நடப்பதைக் காலை பத்து மணிக்கு ஒருவர் வந்து திருத்த முடியாது. அந்த இரவில் நிற்கிற நேர்சுக்குத் தெரிந்தால் நான் தேவையே இல்லை, தெரியாவிட்டால் நான் வந்தும் பிரயோசனம் இல்லை. எனக்கு அந்த நேர்சில் இப்போது கோபம் இல்லை. அந்த விடுதி முழுவதையும் இரண்டு பேர் பார்த்தார்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பிள்ளை அழுதது, கையில் இருந்த ஒரே மருந்து போத்தல். உட்கார்ந்து பார்க்க அவருக்கு யாரும் நேரமும் கொடுக்கவில்லை, சொல்லியும் கொடுக்கவில்லை. அது உங்கள் கணக்கு.

புதிதாக நான் ஒன்றும் கேட்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தாய்ப்பாலூட்டலுக்காக 1989இல் எழுதின பத்துப் படிகள், 2018இல் திருத்தி, தனியார் வைத்தியசாலைகளுக்கும் இதுதான் என்று சொல்லி வெளியிட்டவை. பணியாளருக்கு அறிவும் திறமையும் இருக்க வேண்டும், மருத்துவக் காரணம் இல்லாமல் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் கொடுக்கக் கூடாது, தாயும் பிள்ளையும் 24 மணித்தியாலமும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் கடைசி விஷயத்துக்கு உங்களுக்குச் செலவே இல்லை, நேர்சரியின் கதவைச் சாத்தினால் போதும், தாய் எழும்ப முடியாத முதல் இரவில் துணைக்கு ஓர் ஆளை அறையில் படுக்க விடுங்கள். 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார மதிப்பாய்வின்படி இந்த நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதம் தாய்ப்பால் மட்டும் குடிக்கிறார்கள், உலகத்தில் பல பணக்கார நாடுகள் பெருமூச்சு விடுகிற கணக்கு. அதைச் சம்பாதித்தது நாலு மாடி ஏறுகிற மிட்வைஃப்மாரும், பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் இருக்கிற பாலூட்டல் முகாமைத்துவ நிலையங்களும். காசு கட்டி உங்களிடம் வருகிற தாய்க்கு, காசு கட்டாத தாய்க்குக் கிடைப்பதாவது கிடைக்க வேண்டாமா?

பால்மாவே கூடாது என்று சொல்கிற ஆளில்லை நான். உண்மையிலேயே பால் காணாத தாய்மார் இருக்கிறார்கள். பிரசவத்தில் கடுமையாக இரத்தம் போனவர்கள், மார்பில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், சுரப்பித் திசு போதுமான அளவு வளராதவர்கள். போன வருடம் ஒரு வீட்டில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பம்ப் பண்ணிப் பண்ணி எலும்பும் தோலுமாகிப்போன ஒரு தாயிடம், "போதும் தங்கச்சி, பம்பை மூடி வையுங்கோ, வருகிற அளவைக் குடுங்கோ, மிச்சத்துக்கு டின் இருக்கு" என்று நான்தான் சொன்னேன். அவரின் மாமி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது, பால் கொடுக்கச் சொல்லத்தானே கூப்பிட்டோம் என்ற மாதிரி. பிள்ளையின் இரத்தத்தில் சீனி குறைந்தாலோ, செங்கண்மாரி கூடினாலோ, நிறை உண்மையாகவே இறங்கினாலோ கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்கும்போது ஏன் என்று தாய்க்கு அவருடைய பாஷையில் சொல்லுங்கள், காரணத்தைப் பதிவேட்டில் எழுதி டொக்டர் கையெழுத்து வையுங்கள், முதலில் கையால் பிழிந்த சீம்பாலைக் கரண்டியில் கொடுத்துப் பாருங்கள், பால்மா என்றால் நாளுக்கு ஏற்ற அளவில், கப்பில். "ஏன்" என்று எழுத வேண்டி வந்தாலே இரவுப் போத்தல்களில் பாதி நின்றுவிடும், இது என் ஊகம், நீங்கள் செய்து பார்த்துச் சொல்லுங்கள்.

பாஷை விஷயம். பிரசவித்து இரண்டாம் இரவு ஒரு பெண்ணுக்கு இரண்டாம் மொழி வேலை செய்யாது, எனக்குச் செய்யவில்லை, நான் கொழும்பில் படித்து கொழும்பில் வேலை செய்தவள். மலையகத்திலிருந்து வந்த நல்ல தமிழ் நேர்ஸ்மார் உங்களிடம் இருக்கிறார்கள், அவர்களை எல்லாம் பகலில் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் நிறுத்துகிறீர்கள். ஒருவரையாவது இரவில் போடுங்கள். முடியாவிட்டால் பத்தே பத்து வசனம், சிங்கள எழுத்தில் தமிழ்ச் சத்தம், நான் எழுதித் தருகிறேன், இலவசமாக. "பொறுங்கோ, வாய் பெரிசாத் திறக்கட்டும்." "நாடி முதல் படட்டும்." "நோகுதா? எடுத்துத் திரும்ப வைப்பம்." "பால் வரும், இப்ப இந்தளவு போதும்." கடைசி வசனம் ஒன்றை மட்டும் அன்றைக்கு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால்.

இன்னொன்று, நீங்கள் வீட்டுக்கு அனுப்புவது மூன்றாம் நாள், மார்பு கல்லாவது வீட்டுக்குப் போய் அடுத்த நாள். அந்த நாளில் ஒரு தொலைபேசி அழைப்பு. பிள்ளை எத்தனை தரம் மூத்திரம் போகுது, நோகுதா, காய்ச்சல் இருக்கா. கேக்குக்குப் பதில் அதைப் பக்கேஜில் போடலாம்.

என்னுடைய பதில் இதுதான். காலை வரமாட்டேன், இரவு வருவேன். பத்து மணியிலிருந்து விடிய ஆறு மணி வரை, இரண்டு கிழமை, உங்கள் நேர்ஸ்மாரோடு நின்று, அவர்கள் பார்க்கிற பிள்ளையை நானும் பார்த்து. காலைக்குச் சொன்ன அதே காசு போதும். படம் வேண்டாம். இரண்டு கிழமை முடிந்தால் என்னை நிற்பாட்டிவிடலாம், ஆறு மாதத்துக்குப் பிறகு திரும்பக் கூப்பிட்டால் இன்னொரு கிழமை வருவேன், புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக. உங்களில் யார் முதலில் கூப்பிடுகிறீர்களோ அவர்களிடம் தொடங்குகிறேன்.

பி.கு.: கதிரையைச் சொல்ல மறந்துவிட்டேன். உங்கள் அறைகளில் இருக்கிற அந்தப் பெரிய சோபா பார்க்க வடிவுதான், ஆனால் வெட்டுக்காயத்தோடு அதில் இருந்தால் ஆள் உள்ளே புதைந்துபோவார், எழும்ப இரண்டு பேர் வேண்டும், பிள்ளையை வைத்துக்கொண்டு கூனத்தான் முடியும். முதுகு நேராக இருக்கிற, கை வைத்த ஒரு சாதாரணக் கதிரை, காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி, இரண்டு தலையணை. இதை நான் பாலூட்டல் ஆலோசகராகச் சொல்லவில்லை, பிசியோதெரபிஸ்டாகச் சொல்கிறேன், ஆகவே இதற்குத் தனிக் காசும் இல்லை.

வெள்ளவத்தையிலிருந்து,
ஒரு தாய்ப்பாலூட்டல் ஆலோசகர்